எழுபத்தைந்து மைக்ரோகிராம்

முதலில் விழுந்தது ஒரு வினாடி முள்.
தலைமயிரை விட மெல்லியது.
சாமணத்தின் நுனியிலிருந்து நழுவி
எங்கே போனதென்று தெரியவில்லை.
பன்னிரண்டு வருடமாய்
கிரென்ஹென் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
முகப்புகளுக்கு முள் பொருத்துகிறவள் நான்.
அந்தக் கிழமை மட்டும் நாலு முள் தொலைத்தேன்.

ஓகஸ்டில், வெள்ளை மேலங்கிக்குள் கம்பளிச் சட்டை.
குளியலறை ஓட்டையில் பந்து பந்தாய் முடி.
பஸ்ஸில் நின்றபடி நித்திரை.
பாதி வாக்கியத்தில் சொல் இறங்கிப் போய்விடும்:
"அந்த… தண்ணி சுடவைக்கிற…" என்று
மகளுக்குக் கேத்திலைக் கைகாட்டினேன்.
ஆரே நதியின் புகார் நவம்பரில்தான் எழும்பும்.
எனக்குள் அது யூலையிலேயே வந்திருந்தது.

குகதாசன் சொன்னார்: வயது.
அவருடைய அக்கா தொலைபேசியில் சொன்னா: சோம்பல்.
நான் சொன்னேன்: கண்ணாடி மாற்ற வேணும்.
மூன்றும் பிழை.

இரத்தம் ஒரு எண் சொன்னது. முப்பத்தெட்டு.
நாலரைக்குள் அடங்க வேண்டியது.
கழுத்தைப் பார்த்து மூளை
எவ்வளவு சத்தமாய்க் கத்துகிறது என்பதன் கணக்காம்.
டொக்டர் கெஹ்ரிக் தாளில் வரைந்து
வண்ணத்துப்பூச்சி மாதிரி என்றா.
எனக்கு அது நசுங்கிய வெற்றிலை மாதிரித் தெரிந்தது.
"உங்கள் உடம்பின் காவல்காரர்
இதை வேற்றாள் என்று நினைத்துவிட்டார்கள்" –
மொழிபெயர்க்க வந்த பிள்ளை சொல் தேடித் தடுமாறினாள்.
விடு தங்கச்சி, விளங்கிட்டுது.
தன் ஆளையே துரோகி என்று சந்தியில் நிறுத்துகிற கதையை
நான் ஜேர்மன் மொழியிலா கேட்டு அறிய வேணும்?

வேலியே பயிரை மேய்ந்தால்.
பழமொழி அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.
பிறகு என்ன செய்வதென்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.
வேலியைப் பிடுங்க ஏலாது,
காய்ச்சலும் தடிமனும் உள்ளே வரும்.
மேய்ந்ததை மீட்கவும் ஏலாது.
கடையில் அரிசி வாங்கி உலை வைக்கலாம்.
அளந்து.
ஒவ்வொரு நாளும்.

ஐம்பதில் தொடங்கினோம்.
ஆறு கிழமை, ஊசி, எழுபத்தைந்து.
ஆறு கிழமை, ஊசி, நூறு –
நூறில் நெஞ்சு மேளம் அடித்தது,
விடியும் வரை அலமாரி அடுக்கினேன்.
திரும்பவும் எழுபத்தைந்து.
ஒரு கிராமைப் பத்து இலட்சமாய் உடைத்து
அதில் எழுபத்தைந்து தூள்.
நான் பொருத்தும் எந்த முள்ளும்
இதற்குப் பக்கத்தில் உலக்கை.

காலை ஐந்து பத்து. குளிசை. வெறும் தண்ணீர்.
அரை மணித்தியாலம் தேநீர் கிடையாது.
முகம் கழுவ முன்னம் கேத்திலைத் தட்டுகிறவள் நான்,
நோயை விட இந்த அரை மணிதான் பெரிய தண்டனை.
இரும்புக் குளிசை இரவுக்கு;
இரண்டையும் சேர்த்து விழுங்கினால்
ஒன்றையொன்று கட்டிப்பிடித்து
ஒரு வேலையும் செய்யாமல் வெளியே போய்விடுமாம்.
கோவா சாப்பிடாதே, கருஞ்சீரகம் குடி,
குளிசையை விட்டுவிடு, பழகினால் விடாது என்று
அக்காவின் குரல்பதிவு, பதினொரு நிமிடம்.
முழுதும் கேட்கிறேன்.
அது முடியத் தேநீருக்கு நேரம் கிட்டுகிறது.

எல்லா நாளும் ஒன்றல்ல.
சில செவ்வாய்க்கிழமைகளில்
படிக்கட்டு ஒரு மலை கூடுதலாய் இருக்கிறது.
அன்று சோறு மட்டும், கறி நேற்றையது.
குகதாசன் இப்போது ஒன்றும் சொல்வதில்லை,
தானே பருப்பைக் கருக்குகிறார்.

ஏப்ரலில் கம்பளிச் சட்டையை மடிக்கையில்
கைமடிப்பின் நூலுக்குள் ஏதோ மினுங்கிற்று.
நகத்தால் எடுத்து, ஈரத்துணியில் ஒற்றி,
மேற்பார்வை வ்ரேனியிடம் கொண்டுபோனேன்.
கணக்கு மூடி எத்தனையோ மாதம் என்று சிரித்து
குப்பையில் போட்டாள்.

மற்ற மூன்றையும்
இன்னும் காணவில்லை.